அவள் விரலுக்குத் திறந்த வாய்

என் மகளின் வாய் என் கைக்குத் திறக்கப் பத்து நிமிடம் ஆகும். கெஞ்சுவேன், பாடுவேன், கன்னத்தை அழுத்துவேன். எதற்கும் மசியவில்லை என்றால் மூக்கை லேசாகப் பொத்துவேன். மூச்சுக்காகத் திறக்கும் வாயில் சோற்றைத் தள்ளுவேன். அந்த வாய் ஒரு நாள் ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த நீளமான கூடத்தில், முன்பின் தெரியாத ஒருத்தியின் விரல் தாடையில் பட்டதும் திறந்துகொண்டது. பூப்போலத் திறந்தது என்று எழுத மனம் வரவில்லை. திறந்தது. எனக்கு அடிவயிறு எரிந்தது.

தொண்ணூறுகள் முடிந்து இரண்டாயிரம் தொடங்கியிருந்த காலம். திருவொற்றியூரில் எங்கள் வீடு. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. மகளுக்கு ஐந்து வயது, எடை ஒன்பது கிலோ. பிறந்தபோது அழக் கொஞ்சம் தாமதித்தாள். அந்தத் தாமதத்தில் மூளையின் ஏதோ ஒரு மூலை வாடிவிட்டதாம். மூளை முடக்குவாதத்தை, சி.பி. என்று டாக்டர்கள் இரண்டே எழுத்தில் முடித்துவிட்டார்கள். கை ஒரு பக்கம் இழுக்கும், கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும், கழுத்து நிற்காது. என் இடுப்பிலிருந்துதான் அவள் உலகத்தைப் பார்த்தாள்.

அந்த வருடம் மூன்று முறை நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தோம். மூன்றாவது முறை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சாப்பாடு வயித்துக்குப் போகாம மூச்சுக்குழாய்ல இறங்குதும்மா. மூணு மாசம் தர்றேன். விழுங்கறதுக்குப் பயிற்சி குடுங்க. அப்பவும் இப்படியே இருந்தா மூக்கு வழியா டியூப் போட்டுருவோம். அதுக்கப்புறம் வாயால ஒண்ணும் கிடையாது."

வாயால ஒண்ணும் கிடையாது. நடக்கவோ பிடிக்கவோ பேசவோ முடியாத என் பிள்ளைக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது நாக்கு ஒன்றுதான். புளிப்புக்கு ஒரு கண்ணை மட்டும் மூடுவாள். வெல்லம் பட்டால் கால் கட்டைவிரல் நிமிரும். நெத்திலிக் குழம்பு வாசனை வந்தால் அடுப்பங்கரைப் பக்கம் கண் ஓடும். அதையும் பிடுங்கிக்கொண்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகிவிட்டால் அவளுக்கு மிச்சம் என்ன இருக்கும்? எனக்கு மிச்சம் என்ன இருக்கும்? இரண்டாவது கேள்வியை அப்போது நான் வெளியே சொல்லவில்லை.

நான் ஊட்டிய விதம் என் தெருவே ஊட்டிய விதம்தான். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் மல்லாக்கக் கிடத்தி, தலை பின்னால் சரிய, பாலாடைச் சங்கில் சோற்றைக் கரைத்துத் தொண்டையில் ஊற்றுவது. பச்சைக் குழந்தைக்கு எல்லோரும் செய்வதுதான். அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று எவரும் சொல்லித் தருவதில்லை. தேவையும் இல்லை. குழந்தையே ஒரு நாள் புரண்டு எழுந்து பாலாடையைத் தட்டிவிட்டு நிறுத்திவிடும். என் மகளுக்குத் தட்டிவிடக் கை வரவில்லை. ஆகவே நானும் நிறுத்தவில்லை. ஐந்து வருடம் ஊற்றினேன்.

டாக்டர் வைத்த கெடுவோடுதான், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் அந்தக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்து மணிக்கு. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் பஸ் நத்தையாக ஊர, அலை தடுக்கப் போட்ட கருங்கற்களுக்கு மேல் கடல் எட்டி எட்டிப் பார்க்க, மகளை மடியில் அணைத்துக்கொண்டு போவேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அத்தனை அம்மாக்கள், ஒரு மிஸ். பாயில் படுக்கவைத்துக் கைகால் நீட்டுவது, பலகையில் கட்டி நிற்கவைப்பது, மணி கோத்த கயிறைப் பிடிக்கவைப்பது. எல்லாம் பழகியது. பழகாதது ஒன்று.

பதினோரு மணிக்குச் சாப்பாட்டுப் பயிற்சி. அதில் யாரும் தன் பிள்ளைக்குத் தான் ஊட்டக் கூடாது. பிள்ளைகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

"இது என்ன மிஸ் அநியாயம்?" என்றேன் முதல் நாள்.

"உங்க பிள்ளைன்னா வயிறு நிறையணும்னு அவசரப்படுவீங்க. அடுத்தவங்க பிள்ளைன்னா வாயைப் பார்ப்பீங்க" என்றார் மிஸ். குரலே உயர்த்தாத மனுஷி. எதிர்த்துப் பேச இடமே கிடைக்காது.

எனக்கு ஜோடியாக வந்தவள் காசிமேட்டுக்காரி. விடியலில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போய், ஐஸ் கொட்டிய இறால் குவியலில் கை வைத்து, ஒன்பதரைக்கு அங்கிருந்து ஓடி, மகனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பத்துக்கு வந்து நிற்பாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மகனுக்கு ஆறு வயது. பலகைபோல விறைத்த உடம்பு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

"யக்கா, பொண்ணு இன்னா இப்டி எளச்சிகீது? காத்தடிச்சா பறந்துடும் போலகீதே. இப்டி வுடு, நான் பாக்குறேன்" என்று என் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டாள்.

சுவர் மூலைபோல முதுகை இரண்டு பக்கமும் அணைக்கும் மர நாற்காலியில் உட்காரவைத்தாள். தான் அதைவிடத் தாழ்வாகத் தரையில் குந்தினாள், என் மகள் குனிந்து பார்க்கும்படி. கட்டைவிரல் உதட்டுக்குக் கீழே, நடுவிரல் தாடைக்கு அடியில்.

"பாப்பா, என்னிய பாரு. நானு புதுசு. புட்ச்சா துன்னு, புடிக்கலியா, துப்பு. எம்மூஞ்சிலயே துப்பு. இன்னா இப்போ?"

அப்புறம் ஸ்பூனை உதட்டுக்கு எதிரே நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாள். தள்ளவில்லை. பாடவில்லை. சும்மா. இறால் ஓட்டை உரிக்கும்போது சதை பிய்யாமல் இருக்க விரல் எப்படி நிற்குமோ அப்படி நின்றது அந்த விரல்.

வாய் திறந்தது. உதடு மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. மறுபடி திறந்தது.

ஏழு ஸ்பூன். என் மடியில் அவள் மகன் வாயோரம் ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் வாயைப் பார்க்கத்தான் என்னை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். நான் பார்க்கவே இல்லை. என் புடவையில் ரசஞ்சோறு இறங்கியதும் தெரியவில்லை.

"இவங்க விரல் ஜில்லுனு இருக்கு பாத்தீங்களா? தாடைக்கு அது நல்லது, தசை முழிச்சுக்கும்" என்றார் மிஸ் மற்ற அம்மாக்களிடம்.

ஜில். அந்த ஒரு சொல்லைப் பஸ்ஸில் வழி நெடுக மென்றுகொண்டு வந்தேன். அப்படியென்றால் அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐஸ்தான். ஐஸ் எங்கேயும் கிடைக்கும்.

சாயங்காலம் கடையில் ஒரு துண்டு ஐஸ் வாங்கிவந்து உடைத்து அன்னக்கூடையில் போட்டேன். இரண்டு கையையும் அதில் புதைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாமே இது? கைய சுட்டுகினியா?"

"இல்ல."

"அப்பால இன்னாத்துக்கு ஐஸ்ல வுட்டுகினு குந்திகீறே?"

"பாப்பாவுக்கு ஊட்டணும்."

கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "ஊட்டப்போறது சோறா, குச்சி ஐஸா?"

விரல் மரத்துப் போனதும் எடுத்து மகளின் தாடையில் வைத்தேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் விரிந்து, முதுகு வில்லாய் வளைந்து, வீறிட்டாள். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு தோளில் போட்டுத் தட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அவர் குளிக்கப் போனதும் காலை நீட்டினேன். மல்லாக்கக் கிடத்தினேன். ஊற்றினேன். இருமினாள், கண்ணில் நீர் கோத்தது, ஆனாலும் இறங்கியது. என் கையால் இறங்கியது. வீட்டில் இப்படிச் செய்யக் கூடாது என்று மிஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். தெரிந்துதான் செய்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கூடத்தில் எடை பார்ப்பார்கள். மூன்றாவது வெள்ளி முள் ஒன்பதேகாலைத் தொட்டது. அம்மாக்கள் கைதட்டினார்கள். காசிமேட்டுக்காரி விசிலே அடித்தாள். அந்தக் கால் கிலோ அவள் போட்டது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒன்பது கிலோ என்னுடையதாகவும் கால் கிலோ மட்டும் தனியாகவும் கனத்தது.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "உம் பையன் என் கையில சாப்புடறானே, உனக்கு ஒண்ணுமே தோணலியா?"

"இன்னா தோணணும்?"

"இல்ல... அம்மா நீ இருக்கறப்ப."

"அட நீ ஒண்ணு. காலைல அவன் கண்ணு முழிச்சாலே எனக்கு மெர்சலாகீது, இன்னிக்கி ஊட்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆவுமோன்னு. நீ ஊட்டுற அர மணி நேரம் எனக்கு லீவுக்கா. நல்லா துன்றானா? அத்தோட வுடு."

இப்படியும் ஒரு தாயா என்று முகம் சுளித்தேன். பஸ் தண்டையார்பேட்டையைத் தாண்டுவதற்குள் அதுவும் பொறாமையாக மாறிவிட்டது. எனக்கு ஏன் அப்படி லீவு எடுக்கத் தெரியவில்லை? அவளால் முடிகிறது, பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட.

ஐந்தாவது வாரம் என் மகள் இன்னொன்று செய்தாள். காசிமேட்டுக்காரி கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினாள். நிற்காத கழுத்து, நின்று, திரும்பி, அவளைத் தேடியது. மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் மறுநாள் காலை சீக்கிரமே போய், யாரும் வருவதற்கு முன், மிஸ்ஸிடம் சொன்னேன்:

"அவங்க ஊட்டற அன்னிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து வாந்தி எடுக்கறா மிஸ். அந்தக் கை வாடை ஒத்துக்கல. இறால் கவிச்சி."

ஒரு நாள்கூட வாந்தி எடுத்ததில்லை. கவிச்சி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எடுத்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே குடியிருப்பவள், வாரம் நாலு நாள் மீன் ஆய்பவள், அந்தச் சொல்லை இன்னொருத்தி மேல் எறிந்தேன். அவள் காதுக்குப் போகாமல் இருக்குமா?

மிஸ் ஜோடியை மாற்றினார். என் மகளுக்கு வேறொரு அம்மா. அன்று மதியம் குழாயடியில் காசிமேட்டுக்காரி சோப்பை எடுத்துத் தேய்த்தாள், எலுமிச்சை மூடியை எடுத்துத் தேய்த்தாள், கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருக்கா. இன்னும் அடிக்குதா?"

நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவக் குனிந்தேன்.

"நீ இன்னா பன்னீர்லயா கை கழுவுற? எம்மூஞ்சிய பாத்து சொல்லிருக்கலாம்ல. மிஸ்ஸாண்ட போயி சொல்ற." மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் மட்டும் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

புது அம்மாவுக்கு என் மகள் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பற்களைக் கடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். வீட்டில் நான் ஊற்றியதுதான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை முள் ஒன்பதுக்குக் கீழே இறங்கியது. அந்த ஞாயிறு காலை அவளைத் தூக்கியபோது நெஞ்சுக்குள் விசில் கேட்டது. மூன்று முறை கேட்ட அதே சத்தம். டாக்டர் தந்த மூன்று மாதத்தில் ஆறு வாரம்தான் மிச்சம்.

அன்றைக்கு நான் எரிச்சலைப் பார்க்கவில்லை. குழாய்தான் கண்ணுக்குள் நின்றது. சின்ன மூக்கு, அதில் ஒரு ரப்பர் குழாய், கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி.

திங்கள் காலை கூடத்துக்குப் போகாமல் மகளோடு காசிமேட்டு ஷெட்டுக்குப் போனேன். உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள் குந்தி, மடியில் கோணிப்பை விரித்து, பேச்சும் விரலும் நிற்காமல் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா, கவிச்சியான எடத்துக்கு வந்துகீறே?"

"நான் சொன்னது பொய். அவ வாந்தியே எடுக்கல."

பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி கேட்டாள்: "யாருடி இது?"

"இவதான் ஆயா, உடான்ஸ் பார்ட்டி."

ஷெட்டே சிரித்தது. நான் நின்றேன். என் மகள் அவள் குரல் வந்த பக்கம் கழுத்தை இழுத்து இழுத்துத் திருப்பினாள். அதைப் பார்த்ததும் காசிமேட்டுக்காரியின் சிரிப்பு நின்றது. எழுந்து வந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள்.

"விசிலடிக்குது. வூட்ல எப்டி ஊட்டுற?"

சொன்னேன். ஐந்து வருடத்தையும் சொன்னேன்.

பிள்ளையை வாங்கிக் கிழவியிடம் கொடுத்தாள். கோணிப்பையை உதறிச் சுவரோரம் விரித்தாள். "படு."

"எதுக்கு?"

"படுன்றேன்ல."

படுத்தேன். என் தலையைத் தன் காலில் பின்னால் சாய்த்து, பாதி குடித்திருந்த டீயை டம்ளரிலிருந்து என் வாயில் ஊற்றினாள். விழுங்குவதற்குள் அடுத்த மடக்கு. மேலே கூரைத் தகரம், அதில் ஓட்டை, ஓட்டையில் வெயில். மூக்கில் ஏறியது. தொண்டை மூடிக்கொண்டது. கையை உதறி அவளைத் தள்ளிவிட்டு எழுந்து, இருமி, துப்பி, கண்ணீரும் சளியுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒனக்கு தள்ளறதுக்கு கை கீது" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "அதுக்கு இன்னா கீது?"

அப்போதுதான் அழுதேன். ஷெட்டுப் பெண்கள் கண்டுகொள்ளாததுபோல இறாலைப் பார்த்தார்கள்.

அவள் என் பின்னால் வந்து குந்தி, என் கையைப் பிடித்து, என் கட்டைவிரலை, கிழவி நிமிர்த்திப் பிடித்திருந்த என் மகளின் உதட்டுக்குக் கீழே வைத்தாள், நடுவிரலைத் தாடைக்கு அடியில். அதன்மேல் தன் விரல்கள். டீயோடு வாங்கி வைத்திருந்த பன்னைப் பாலில் ஊறவைத்து ஒரு துளி. "தள்ளாத. இரு. அதுவா தொறக்கட்டும். அவசரம் இன்னா, பஸ்ஸா பூடும்?" இரண்டு பேர் விரலுக்கும் சேர்த்து வாய் திறந்தது. நாலாவது வாய்க்கு அவள் தன் விரலை எடுத்துவிட்டாள். என் விரலுக்கு ஒரு முறை திறந்தது. ஒரே ஒரு முறை. அப்புறம் மூடிக்கொண்டது; மகள் அவளைப் பார்த்தாள்.

மிஸ்ஸிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் நோட்டைப் பிரித்து, "ஜோடியைப் பழையபடி போட்டுக்கங்க" என்றார். நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுத்தோம். காலை நீட்டுவதை விட்டேன். கூடத்தில் அவள் ஊட்ட, வீட்டில் நான் ஊட்டினேன். என் கைக்குச் சில நாள் மூன்று வாய், சில நாள் ஐந்து, சில நாள் ஒன்றுமில்லை. விசில் அடங்கியது. பொறாமை அடங்கியதென்று சொல்ல மாட்டேன். அவளைப் பார்த்து என் மகள் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு நகம் கீறியது.

கெடு முடிந்த அன்று ஆஸ்பத்திரிக்கு அவளும் தன் மகனோடு துணைக்கு வந்தாள். கெடு வைத்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார்; அவர் இடத்துக்கு வந்த டாக்டர் புதுப் படத்தைப் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "படம் தேவலாம். ஆனா விழுங்கறதை நான் பாக்கணும். இங்கயே ஊட்டிக் காட்டுங்க" என்றார்.

டப்பாவில் குழைந்த சோறு என் கையில் இருந்தது. ஸ்பூனும் என் கையில்தான். மேஜைமேல் டியூப் இருந்த காகித உறை பிரிக்காமல் கிடந்தது. வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்து மகள் ஏற்கெனவே விறைத்திருந்தாள். நான் ஊட்டினால் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். அவசரத்தில் என் கை தள்ளிவிடலாம். ஒரு இருமல் போதும். ஆனாலும் இந்த அறையில், இந்த மனுஷர் முன்னால், இவளுக்கு ஊட்டுகிறவள் நான் என்று காட்ட வேண்டும் போலிருந்தது.

ஸ்பூனை அவளிடம் நீட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். தரையில் குந்த முடியாத அறை; முட்டி போட்டு நின்றாள். "பாப்பா, இங்க பாரு. அவரு கெடக்கறாரு, நீ என்னிய பாரு." நான் அவள் மகனைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். ஆறு வாய். ஒரு இருமல் இல்லை. டாக்டர் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார், சீட்டில் எழுதினார்.

"டியூப் இப்ப வேண்டாம். நல்லா ஊட்றீங்கம்மா. அம்மா இப்படிப் பொறுமையா இருந்தா பாதி வைத்தியம் ஆன மாதிரி." அவளிடம்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"கூட வந்தேன் சார்" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். சீட்டை அவள் கையில்தான் கொடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா நீ, இப்டி சொல்ட்டே? எனக்கு ஒரு மாதிரியா பூட்ச்சி. நில்லு, உள்ள போயி சொல்ட்டு வரேன்."

"ஒண்ணும் வேணாம்."

என் மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். சாப்பிட்ட அலுப்பில் கண் சொக்கியிருந்தது. வாயோரம் ஒரு பருக்கை. இறங்கிப் போக வேண்டிய படிகள் பதினைந்து இருபது இருக்கும். பஸ் நிற்கும் இடம் வரை அவளே தூக்கி வந்திருப்பாள். அவளுக்கு அதில் ஒன்றுமில்லை.

அவள் மகனை அவளிடம் கொடுத்தேன். என் மகளை, தேவைக்கு மேல் கொஞ்சம் வேகமாகவே, வாங்கிக்கொண்டேன்.